பப்ளிக் பக்கத்தைத்தான் தொட்டேன்

மந்தைவெளியில் நான் குடியிருந்த மொட்டைமாடி அறைக்கு இரண்டு கதவு எண்கள். பழைய எண் 14, புதிய எண் 31. சென்னைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. மாநகராட்சி புது எண் கொடுத்தது, யாரும் பழையதைக் கைவிடவில்லை, அவ்வளவுதான். எங்கள் தெருவிலேயே பழைய எண் 31 என்று இன்னொரு வீடு இருந்தது. அதன் முன்புறம் ஒரு தையல் கடை. நான் வரவழைக்கும் புத்தகங்களில் பாதி முதலில் அந்தத் தையல்காரரிடம்தான் போய்ச் சேரும். கூரியர் பையன்கள் போன் செய்தால் முதல் கேள்வியே, "சார், முப்பத்தொண்ணு பழசா, புதுசா?"

கீழ்வீட்டு மாமிக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. அவருக்கு ராமகிருஷ்ண மடம் சாலை இன்னும் பிராடீஸ் ரோடுதான். ஜேம்ஸ் பிராடி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அடையாற்றங்கரையில் கட்டிய மாளிகையில் இன்று இசைக் கல்லூரி நடக்கிறது. அவர் பெயர் சாலைப் பலகையிலிருந்து எப்போதோ போய்விட்டது. மாமியின் வாயிலிருந்து போகவில்லை. டி.டி.கே. சாலை அவருக்கு மௌப்ரேஸ் ரோடு, ராதாகிருஷ்ணன் சாலை எட்வர்ட் எலியட்ஸ் ரோடு. ஆட்டோக்காரரிடம் அப்படியே சொல்வார், வயதான ஆட்டோக்காரர்களுக்கு அது புரியவும் செய்யும். ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் இருக்கலாம். ஒரே பெயர் தவறான இடத்தைக் காட்டினால்தான் சிக்கல்.

நான் சம்பளம் வாங்கிய வேலையும் ஏறக்குறைய இதுதான். எந்திரங்களுக்குப் பெயர் வைப்பது, அந்தப் பெயர் எந்த எண்ணைக் காட்ட வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதுவது. டேட்டாபேஸ் நிர்வாகி என்று விசிட்டிங் கார்டில் போட்டிருந்தார்கள்.

அந்தக் கோப்பின் பெயர் ஹோஸ்ட்ஸ். லினக்ஸ் எந்திரம் ஒவ்வொன்றிலும் எட்ஸி என்ற டைரக்டரிக்குள் இருக்கும். இடப்பக்கம் ஐபி எண், வலப்பக்கம் பெயர். இதைவிட எளிமையான கோப்பு கம்ப்யூட்டரில் இருக்க முடியாது. இதற்கு ஒரு பெரிய மூதாதை உண்டு. இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட்டில் மொத்த நெட்வொர்க்குக்கும் சேர்த்து ஒரே ஒரு ஹோஸ்ட்ஸ் கோப்பு இருந்தது. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் குழு அதைப் பராமரித்தது. புது எந்திரம் சேர்த்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும், அவர்கள் வரி சேர்ப்பார்கள், மற்றவர்கள் அந்தக் கோப்பை இறக்கிக்கொள்வார்கள். எந்திரங்கள் பெருகியதும் இது தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். இன்று நாம் தட்டும் ஒவ்வொரு முகவரியும் அதன் வழியாகத்தான் போகிறது. ஆனாலும் ஹோஸ்ட்ஸ் கோப்பு சாகவில்லை. மாமியின் பிராடீஸ் ரோடு மாதிரி ஒவ்வொரு எந்திரத்துக்குள்ளும் இருக்கிறது. பெரும்பாலும் டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன்னால் எந்திரம் அதைத்தான் பார்க்கும்.

2012-ல் எங்களிடம் வந்த ஒரு வேலையிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. வாடிக்கையாளரின் ஆரக்கிள் டேட்டாபேஸ் பழைய இரும்பு சர்வர்கள் இரண்டில் க்ளஸ்டராக ஓடிக்கொண்டிருந்தது. அதை விர்ச்சுவல் மெஷின்களுக்கு மாற்ற வேண்டும். பதிப்பு 10ஜி. அப்போதே அது பழசு, ஆனால் அவர்களுடைய அப்ளிகேஷன் அதில் மட்டும்தான் ஓடும்.

க்ளஸ்டர் என்றால் இரண்டு எந்திரங்கள் சேர்ந்து ஒரே டேட்டாபேஸை நடத்துவது. தரவு இருக்கும் டிஸ்க் ஒன்றுதான். இரண்டு பேரும் அதில் எழுதுவார்கள். மளிகைக் கடையில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே பேரேட்டில் வரவு வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீ எந்தப் பக்கத்தில் எழுதுகிறாய், நான் எதில் எழுதுகிறேன் என்று ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டும். அதனால் இந்த அமைப்பில் ஒவ்வொரு எந்திரத்துக்கும் மூன்று பெயர். முதலாவது ஊருக்குத் தெரிந்த பெயர், டிபி1, டிபி2. இரண்டாவது விஐபி, விர்ச்சுவல் ஐபி. ஒரு எந்திரம் செத்தால் அதன் விஐபி மற்றதின் மேல் போய் ஏறிக்கொள்ளும். தேடி வருகிறவர்கள் வாசலில் நின்று காத்திருக்காமல் 'அவர் இல்லை' என்ற பதிலை உடனே வாங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போகலாம். மூன்றாவது ப்ரைவேட் பெயர். வழக்கமாகப் பின்னால் 'ப்ரிவ்' என்று ஒட்டுவோம். டிபி1-ப்ரிவ், டிபி2-ப்ரிவ். வெளியாள் யாரும் இந்தப் பெயரைக் கூப்பிடவே மாட்டார்கள். இரண்டு எந்திரங்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ள மட்டும்தான் இது.

இதற்கென்று தனி நெட்வொர்க் வேண்டும். எண்கள் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் இப்படிச் சில எண் வரிசைகளைத் தனியார் உபயோகத்துக்கு ஒதுக்கியது. உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் இதே எண்கள் இருக்கும், மோதாது. நம் ஊர்களில் பிள்ளையார் கோயில் தெரு இருப்பதுபோல. எல்லா ஊரிலும் உண்டு, அந்தந்த ஊர் தபால்காரருக்குக் குழப்பமில்லை.

இந்த ப்ரைவேட் பாதையில் நொடிக்கு ஒரு தடவை ஒருவருக்கொருவர் 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்வார்கள். ஹார்ட்பீட். அது நின்றால்? மற்றவன் செத்துவிட்டானா, அல்லது நடுவில் வழி அறுந்துவிட்டதா என்று எந்திரத்துக்குத் தெரியாது. இரண்டு பேருமே 'அவன் செத்துவிட்டான், இனி பேரேடு எனக்கு' என்று எழுத ஆரம்பித்தால் தரவு நாசம். ஸ்ப்ளிட் பிரெய்ன் என்பார்கள். அதனால் கொடூரமான ஒரு விதி. லினக்ஸில் 10ஜிக்கு 60 விநாடி. அதற்குள் குரல் கேட்கவில்லையென்றால் ஒருவர் போயாக வேண்டும். இரண்டே பேர் உள்ள க்ளஸ்டரில் எண்ணில் சிறியவர் பிழைப்பார். மற்றவர் தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்வார், கையிலிருந்த வேலையோடு.

பழைய சர்வர்களில் ப்ரைவேட் நெட்வொர்க் என்றால் நிஜமான கேபிள். டேட்டா சென்டரில் போய் நின்றால் கையால் தொட்டுப் பார்க்கலாம். நாங்கள் நீல நிறக் கேபிள் போட்டிருந்தோம். விஎம்மில் அது கிடையாது. அங்கே ஒரு விர்ச்சுவல் ஸ்விட்ச், அதில் போர்ட் குரூப் என்று ஒரு பெயர், விஎம்முக்குள் இரண்டாவது நெட்வொர்க் அடாப்டர் என்று இன்னொரு பெயர், ஹோஸ்ட்ஸ் கோப்பில் மூன்றாவதாக ஒரு பெயர். தொட்டுப் பார்க்க எதுவும் இல்லை. பெயர்கள் சரியாக இருந்தால் கேபிள் இருக்கிறது.

அந்த ஹோஸ்ட்ஸ் கோப்பை நான்தான் எழுதினேன். 2012 நவம்பர், மந்தைவெளி அறையில், பகல் நேரக் கரண்ட் கட்டில், லேப்டாப் பேட்டரியிலும் யுஎஸ்பி டேட்டா கார்டிலும். (சென்னைக்கே தினம் இரண்டு மணி நேரம் கட் இருந்த வருடம் அது.) இதைச் சாக்காகச் சொல்லவில்லை. ஆறு வரிகள்தான். டிபி1, டிபி2 இரண்டுக்கும் 10.20.5 வரிசையில் 11, 12. விஐபிகளுக்கு அதே வரிசையில் 21, 22. டிபி1-ப்ரிவ்வுக்கு 192.168.10.11. கடைசி வரி டிபி2-ப்ரிவ். அதற்கு 192.168.10.12 என்று வந்திருக்க வேண்டும். நான் டிபி2-வின் வரியை காப்பி செய்து ஒட்டி, பெயரின் பின்னால் ப்ரிவ் சேர்த்தேன். எண்ணை மாற்ற மறந்தேன். 10.20.5.12 என்றே நின்றுவிட்டது.

ஆக, டிபி2-வின் ப்ரைவேட் பெயர் அதன் பப்ளிக் முகவரியையே காட்டியது. கோப்பை இரண்டு எந்திரத்திலும் போட்டேன். இன்ஸ்டால் ஆனது. க்ளஸ்டர் எழுந்து நின்றது.

பதினொரு மாதம் ஒரு குறையும் இல்லை. இதுதான் இந்தத் தவறின் குணம். 10ஜியில் டேட்டாபேஸ் தன் கனமான பேச்சுக்கு எந்தப் பாதையில் போக வேண்டும் என்பது வேறோர் இடத்தில் எழுதப்பட்டிருக்கும். அது சரியாக இருந்தது. ஹார்ட்பீட் மட்டும்தான் இந்தப் பெயரை நம்பிப் போகும். அதுவும் பப்ளிக் பாதையில் சுகமாகப் போய் வந்துகொண்டிருந்தது. வேகம் குறையவில்லை, எந்த லாகிலும் எச்சரிக்கை இல்லை. பப்ளிக் பாதை அறுந்தால் மட்டுமே தெரியக்கூடிய தவறு. அது அறுகிறவரை இரண்டும் சரியாகவே தோற்றம் தரும்.

2013 அக்டோபர், மாதக் கடைசி. வாடிக்கையாளரின் கணக்கு முடிப்பு பேட்ச் இரவு ஒன்பது மணிக்கு டிபி2-வில் தொடங்கும், ஆறு மணி நேரம் ஓடும். அன்றைக்கே இன்னொரு வேலையும் வந்தது. டிபி2-வின் பப்ளிக் அடாப்டரைப் புதிய போர்ட் குரூப்புக்கு மாற்ற வேண்டும். பேட்ச் ஓடும்போது செய்யலாமா என்று மீட்டிங்கில் கேட்டார்கள். செய்யலாம் என்று சொன்னவன் நான். "பப்ளிக் பக்கம்தானே. பேட்ச் நோடுக்குள்ளயே ஓடுது, வெளிய இருந்து வரல. ஹார்ட்பீட் ப்ரைவேட்ல போகும். ரெண்டு நிமிஷம் பப்ளிக் இல்லன்னா ஒண்ணும் ஆகாது." காகிதத்தில் நூற்றுக்கு நூறு சரியான வாதம்.

மாற்றத்தைச் செய்தவள் எங்கள் குழுவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்த பெண். அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வருவாள், நைட் ஷிஃப்ட் என்றால் சீக்கிரமே வந்துவிடுவாள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். இரவு ஒன்றரைக்கு அடாப்டரை மாற்றினாள். மேலே இருக்கும் நிஜ ஸ்விட்சில் புது விலேனை அனுமதிக்க நெட்வொர்க் டீம் மறந்திருந்தது. சரிசெய்ய நான்கு நிமிடம். ஆனால் ஒரே நிமிடத்தில் டிபி2 செத்தது. அந்த லாகைப் படித்தவர்களுக்குத் தெரியும், 50 சதவீதம், 75, 90 என்று எண்ணிக்கொண்டே வரும். பிறகு எதுவும் வராது. எந்திரம் ரீபூட்.

எனக்கு போன் வந்தபோது மணி 1:40. அறைக்குள் சிக்னல் சரியாக இருக்காது, மொட்டைமாடிச் சுவரோரம் வந்து நின்றேன். அவள் குரல் நடுங்கியது. "அண்ணா, டிபி2 போயிடுச்சு. நான் பப்ளிக் பக்கத்தைத்தான் தொட்டேன். அடாப்டர் ஒண்ணுதான். சத்தியமா ரெண்டைத் தொடல."

"டென்ஷன் ஆகாத. பாக்கறேன்" என்றேன். அப்போது நானும் அவள் அடாப்டர் இரண்டைத்தான் தொட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

மறுநாள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். டேட்டாபேஸ் விழவில்லை, டிபி1 பிழைத்திருந்தது. ஆனால் நாலரை மணி நேரம் ஓடிய பேட்ச் போயே போய்விட்டது, மறுபடி முதலிலிருந்து. வாடிக்கையாளரின் கணக்கு ஒரு நாள் தள்ளிப்போனது. மீட்டிங் அறையில் எட்டுப் பேர். மேனேஜர் கேட்டார், "பப்ளிக்கைத் தொட்டா எப்படிம்மா ஹார்ட்பீட் போகும்?" அதற்கு அவளிடம் பதில் இல்லை. இருக்க முடியாது. விஎம்வேர் பதிவிலும் 'இந்த விஎம் மாற்றியமைக்கப்பட்டது' என்றுதான் இருந்தது, எந்த அடாப்டர் என்று இல்லை. தெரியாமல் இரண்டை மாற்றிவிட்டு, பயந்து திருப்பி வைத்திருப்பாள் என்ற கதை அரை மணி நேரத்தில் தயாராகிவிட்டது. அவள் மட்டும் அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். பப்ளிக் பக்கத்தைத்தான் தொட்டேன். அந்த வாக்கியத்தை ஒருவர் நம்பியிருந்தால் போதும். அவள் சொல்வது உண்மையென்றால் ஹார்ட்பீட் பப்ளிக்கில் போயிருக்கிறது, எனில் பெயரைப் பார், என்று இரண்டே எட்டில் அந்த வரிக்குப் போயிருக்கலாம்.

மூன்றாம் நாள் நான் போனேன். ஆர்சிஏ, அதாவது என்ன நடந்தது, ஏன் நடந்தது என்ற அறிக்கை, எழுதும் பொறுப்பு எனக்கு. பின்னிணைப்பில் சேர்க்க ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தேன். ஆறாவது வரி. மேலே முதல் வரியில் கோப்பை எழுதியவரின் இனிஷியலும் தேதியும். என்னுடையவை.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைவில்லை. கீழே மாமி வானொலி கேட்டுக்கொண்டிருந்தார், அது நினைவிருக்கிறது. அடுத்த மாதம் எனக்கு ப்ரமோஷன் பட்டியல் வரவிருந்தது, அதுவும் நினைவிருக்கிறது. பின்னிணைப்பிலிருந்து ஹோஸ்ட்ஸ் கோப்பை எடுத்துவிட்டேன். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'நெட்வொர்க் அடாப்டர் மாற்றத்தின்போது ஒரு ஜூனியர் ரிசோர்ஸின் கவனக்குறைவு' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவள் பெயரைப் போடவில்லை. அது நான் அவளுக்குச் செய்த உபகாரம் என்று அப்போது உண்மையாகவே நம்பினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பராமரிப்பு இரவில், வேறொரு வேலையின் பெயரில் க்ளஸ்டரை நிறுத்தி, அந்த வரியைத் திருத்தி, மறுபடி ஏற்றினேன். ஐந்து நிமிட வேலை. அவளை ரிப்போர்ட் எடுக்கும் குழுவுக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போனாள். ப்ரமோஷன் எனக்குக் கிடைத்தது.

எந்திரங்களுக்குப் பெயர் வைப்பது பற்றி 1990-ல் டான் லைப்ஸ் எழுதிய ஆர்எஃப்சி 1178 என்ற ஆவணம் உண்டு. சிரித்துக்கொண்டே படிக்கலாம். உன் சொந்தப் பெயரை எந்திரத்துக்கு வைக்காதே, ப்ராஜெக்டின் பெயரை வைக்காதே, நிறங்கள் மாதிரி ஏதாவது ஒரு வகையை எடுத்துக்கொள் என்றெல்லாம் சொல்லும். அந்தக் காலத்தில் சர்வர்கள் வீட்டு நாய் பூனை மாதிரி. நோய் வந்தால் வைத்தியம் பார்ப்பார்கள். 2012 வாக்கில் ராண்டி பையஸ் என்பவர், மைக்ரோசாஃப்டின் பில் பேக்கர் சொன்னதென்று குறிப்பிட்டு, ஓர் உவமையைப் பரப்பினார். இனி சர்வர்கள் செல்லப் பிராணிகள் கிடையாது, மாட்டு மந்தை. பெயர் வேண்டாம், எண் போதும். ஒன்று படுத்தால் சுட்டுவிட்டு இன்னொன்றைக் கொண்டுவா. நாங்கள் அதை மிகவும் ரசித்துப் பேசியிருக்கிறோம். மந்தைவெளி என்ற பெயருக்கே மாட்டு மந்தை மேயும் வெளி என்றுதான் பொருள், நான் மேய்வதற்குப் பொருத்தமான இடம்தான் என்று அவளிடமே ஒருமுறை ஜோக் அடித்திருக்கிறேன். டிபி1, டிபி2 என்று பெயர் வைத்ததும் அந்த மோஸ்தரில்தான்.

போன வருடம் கல்லூரி மாணவர்கள் சிலருக்குச் சொல்லிக்கொடுக்க என் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் வைத்து இரண்டு நோடு க்ளஸ்டர் ஒன்றை எழுப்பினேன். இப்போது இதெல்லாம் சுலபம். இரண்டாவது அடாப்டரை இன்டர்னல் நெட்வொர்க் என்று தேர்ந்தெடுத்தால் 'இன்ட்நெட்' என்று அதுவே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் வழக்கம்போல டிபி1-ப்ரிவ், டிபி2-ப்ரிவ் என்று எழுதினேன். ஒரு மாணவன் கேட்டான், "சார், இந்த ரெண்டு லைன் எதுக்கு? டாக்குமென்ட்ல தேவையில்லன்னு போட்ருக்கே?" அவன் சொன்னது சரி. 2009-ல் வந்த 11ஜியின் இரண்டாம் வெளியீட்டிலிருந்தே க்ளஸ்டர் ப்ரைவேட் பெயர்களைப் பார்ப்பதில்லை. எந்த எண் வரிசை ப்ரைவேட் என்று சொன்னால் போதும், முகவரியை அதுவே எடுத்துக்கொள்ளும். நான் தவறு செய்த வருடத்துக்கு மூன்று வருடம் முன்பே, புதிய பதிப்பில் அந்தத் தவறைச் செய்ய வழியில்லாமல் போயிருந்தது. எங்களைப் போன்ற பழைய ஆட்கள் கைப்பழக்கத்தில் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அன்று இரவு அவளுக்கு போன் செய்தேன். நண்பர் ஒருவரிடம் எண் வாங்கினேன். இப்போது கோயம்புத்தூரில் ஒரு டேட்டாபேஸ் குழுவுக்குத் தலைமை. என் குரலைக் கேட்டதும் சந்தோஷமாகத்தான் பேசினாள். பிறகு நான் சொன்னேன். ஆறாவது வரி, காப்பி செய்து ஒட்டியது, பின்னிணைப்பிலிருந்து எடுத்தது, எல்லாம்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ப்ரிவ் லைனா?" என்றாள். "அப்படியும் இருக்கும்னு பின்னாடி தோணுச்சுண்ணா. இங்க ஒரு பழைய டென்ஜி க்ளஸ்டர்ல அதே மாதிரி பாத்தேன். ஆனா நீங்க எழுதினதுன்னு தெரியாது."

"மன்னிச்சுடு" என்றேன். அந்தச் சொல் போனில் மிகச் சின்னதாக ஒலித்தது.

"தப்பா டைப் பண்றது எல்லாரும் பண்றதுதான். நானும் பண்ணிருக்கேன். எனக்கு அது இல்லண்ணா." மறுபடி நிறுத்தினாள். "அந்த ரிப்போர்ட்டைப் படிச்சேன். ஜூனியர் ரிசோர்ஸ்னு இருந்துச்சு. பேர் போட்டிருந்தா 'நான் பண்ணல'ன்னு ரிப்ளை ஆல் போட்டிருப்பேன். பேரே இல்லாதப்ப நான் யார்னு ரிப்ளை பண்றது? அதை மேனேஜர் எழுதினார்னு இத்தன வருஷம் நெனச்சிட்டு இருந்தேன்."

நான் எழுதியது என்றேன்.

"ம்."

என் பக்கமும் சொல்ல ஒன்றுமில்லை. பின்னணியில் யாரோ அவளை மேடம் என்று கூப்பிட்டது கேட்டது.

"அந்த டாக்குமென்ட் இன்னும் இருக்குமா?"

"இருக்கும். அவங்க எதையும் அழிக்க மாட்டாங்க."

"மாத்த முடியுமா?"

நான் அந்த நிறுவனத்தை விட்டு வந்தது 2016-ல். லாகின் கிடையாது, அங்கே எனக்குத் தெரிந்தவர்களும் இப்போது இல்லை. முடியாது என்றேன்.

"சரிண்ணா. பதினோரு மணிக்கு ஒரு சேஞ்ச் இருக்கு, பசங்க கால்ல வெயிட் பண்றாங்க. வெக்கறேன்."